இன்ஜினைப் பிடிக்க வந்தவர்

1964 ஜூன் 9, செவ்வாய். லாங் ஐலண்ட், அந்தமான்
விடியலிலிருந்து மழை. நெல் மில் கொட்டகையில் கிழக்கு மூலை ஒழுகல். பதினொரு மணிக்குக் கப்பல். அரிசி, மண்ணெண்ணெய். எனக்குக் கடிதம் இல்லை, ஒரு நோட்டீஸ் மட்டும். குடையும் தோல்பையுமாக ஓர் ஆள் இறங்கினார். வரதராஜன், மெட்ராஸ் ஃபைனான்ஸ் கம்பெனி. ஆறு தவணை நிற்பதால் மில் இன்ஜினைப் பிடித்துப் போக வந்திருக்கிறார். நோட்டீஸில் கொடுத்த கெடு போன வாரமே முடிந்துவிட்டது. நோட்டீஸும் அவரும் ஒரே கப்பல். சிரிப்புத்தான் வந்தது.

"கப்பல் நாளைக்குத் திரும்பிடுமா சார்?"
"ஒம்பது நாள் ஆகும்."
"ஹோட்டல் ஏதாவது?"
"நம்ம வீடுதான்."

ஜூன் 10
வ. இன்ஜினைப் பார்த்தார். உப்புத் துரு. "கடல்லயா ஓட்டினீங்க?" ஆமாம். போன மழைக்காலம் அரைக்க நெல் இல்லை. படகில் பூட்டிப் பக்கத்துத் தீவில் இருக்கும் ரங்கத் ஊருக்கு ஆள் ஏற்றினேன். இங்கே எல்லாரும் செய்வதுதான். ஒப்பந்தத்தில் ஒன்பதாம் ஷரத்து: நிறுவிய இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது. கடைசித் தவணை கட்டும்வரை இன்ஜின் கம்பெனியுடையது, நான் வெறும் வாடகைக்காரன். நாலு வருஷமாகப் பெட்டியில் கிடந்த காகிதம். இன்றுதான் படித்தேன். மடையன்.

வாங்கியது: புளி, மிளகாய், இன்னொரு தட்டு.

ஜூன் 12
மழை. மீன் குழம்பு, காரம் அதிகம். சாப்பிடும்போது வ. விளக்கமாகச் சொன்னார்.

"நீங்களா கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சா இன்ஜினோட முடிஞ்சுது. பாக்கிய கம்பெனி விட்டுடும், லெட்டர் கொண்டாந்திருக்கேன். போடலன்னா நான் தொட முடியாது. கேஸ், கோர்ட் ஆர்டர், எல்லாச் செலவும் உங்க தலையில. இந்த வீடும் ஜப்திக்கு வரும்."

யோசிக்க என்ன இருக்கிறது? கப்பல் வரும் நாளில் போடுகிறேன் என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு
வெயில். தரையில் கரியால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம். வ. மூன்று முறை தோற்று, புலியைக் குறை சொன்னார். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டார். இந்தத் தீவில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பதில் ஒரு மணி நேரம் நீண்டது. தினமும் இந்தியிலேயே காலம் தள்ளுகிறவன். ஐந்து நாள் தமிழ் பேசித் தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலம் வங்காளி விவசாயி ஹரிபாதோ நெல் மூட்டையோடு வந்தார். "பாய், மிஷின் கப் சலேகா?" எப்போது ஓடும் என்று கேட்கிறார். "கல்," என்றேன். நாளைக்காம். வாய் கூசாமல் பொய்.

ஜூன் 17
கப்பல் நாளை. இரண்டு பேருமாக இன்ஜின் போல்ட்டுகளைக் கழற்றினோம். வ. ரசம் வைத்தார், நன்றாக இருந்தது. கையெழுத்துப் போடுவதே புத்தி. வீடாவது மிஞ்சும். ஆனாலும் மனசு சரியில்லை. இன்ஜினுக்காக இல்லை.

ஜூன் 18
தூறல். கப்பல் ஒன்பதுக்கே வந்துவிட்டது. வ. காகிதத்தை விரித்துப் பேனாவைக் கொடுத்தார்.

"போடலன்னா ஆர்டரோட யார் வருவாங்க?"
"நான்தான் சார். அந்தமான் என் பொறுப்பு."
"எப்ப?"
"ஆறு மாசம் ஆகும். ஏன் கேக்கறீங்க?"

பேனாவை மூடி அவர் சட்டைப் பையில் செருகினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "சார், வீடு போயிடும்!"

தெரியும் என்றேன். டிசம்பரில் கடல் அமைதியாக இருக்கும், பயமில்லாமல் வரலாம் என்றேன்.