உங்களைக் கேட்காமல் இடித்த வெந்நீர் அடுப்பு

நங்கையா,

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கின்றன. இன்று காலை அவர்களில் ஒரு பெண் மூன்று கல்லைக் கூட்டி, ஈரம் காயாத தென்னை மட்டையை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். புகை மதிலைத் தாண்டி என் சமையலறை ஜன்னலுக்குள் வந்தது. காபி ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் சேலையில், தலைமுடியில், நீங்கள் மடித்து வைக்கும் என் குழந்தைகளின் துணியில்கூட அந்த வாசம்தான் இருக்கும். நீங்கள் போய் நாலு ஆடி கழிந்துவிட்டது. நேரில் பலமுறை பேசியும் எனக்குத் தீராத ஒன்று இருக்கிறது. எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சிங்காநல்லூரிலிருந்து சோமனூருக்கு நான் மருமகளாக வந்தபோது உங்களைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது ஒரே வரிதான். "மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா இருக்குது, உனக்கு நங்கையா வேணும், பாவம், சின்ன வயசுலயே புருசனை எழந்து பொறந்த ஊட்டுலயே இருக்குது." அந்தப் 'பாவம்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வந்த எனக்கு, மறுநாள் விடியலில் உங்களைப் பார்த்ததும் குழப்பமாகிவிட்டது. வீட்டின் பின்னால், குளிக்கவும் துவைக்கவும் இருந்த பொடக்காலியில், இடுப்புயர மண் அடுப்பின் மேல் செம்பு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நீங்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏம்மிணி, நான் வரட்டுமா?" என்று கேட்டு நின்றார். தறிப் பட்டறையில் எட்டுத் தறிக்காரர்களை ஒரு பார்வையில் அடக்கும் மனிதர் அவர். "இருங்கப்பா, தம்பி பஸ்ஸுக்குப் போகோணும், அவன் மொதல்ல தண்ணி வாத்துக்கட்டும்" என்றீர்கள். அவரும் சரி என்று திரும்பிப் போனார்.

ஒன்பது பேருக்கு வெந்நீர். யாருக்கு எவ்வளவு சூடு என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தோல் சிவக்கச் சிவக்க. உங்கள் தம்பிக்கு, என் வீட்டுக்காரருக்கு, வெதுவெதுப்பாக. சளி பிடித்த பிள்ளைக்கு நொச்சித்தழை போட்டு. பட்டறையில் தறிகள் தடதடவென்று ஓட ஆரம்பிக்கும் முன்பே அந்த வீட்டை ஓட்டத் தொடங்குவது நீங்கள்தான். பத்தொன்பது வருடங்களாக ஒரு நாளும் அந்த அடுப்பு எரியாமல் விடிந்ததில்லை என்று உங்கள் அம்மா பெருமையாகச் சொல்வார்.

ஆனால் உங்கள் இருமலும் எனக்குக் கேட்டது. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு மத்தியானம் தறிக்கு நூல் தார் சுற்றும்போதும் வந்தது. மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டி முடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இந்தப் புகையில உட்காரக் கூடாதும்மா" என்றார் அவர். வெளியே வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள்.

"இந்தப் பொகை எனக்குப் பங்காளி மாதிரி கண்ணு. சண்டை போட்டுட்டே கூட இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் அண்ணன் சிங்காநல்லூரில் சோலார் வாட்டர் ஹீட்டர் செய்யும் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தான். கறுப்பு வர்ணம் அடித்த தகடு, அதற்குள் செம்புக் குழாய்கள், மேலே கண்ணாடி, உயரத்தில் பஞ்சு சுற்றிய ஒரு தொட்டி. வெயிலில் சூடான தண்ணீர் தானாகவே மேலேறித் தொட்டிக்குப் போகும், மோட்டார்கூட வேண்டாம் என்று அவன் விளக்கியபோது எனக்கு உங்கள் இருமல்தான் ஞாபகம் வந்தது. உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவருக்கும் அக்கா மேல் உயிர். "அக்காவுக்குத் தெரியாமச் செஞ்சு வெச்சு அசத்திப்போடலாம்" என்றார். அந்த யோசனையில் நானும் பூரித்துப்போனேன். அங்கேதான் தப்பு செய்தேன், நங்கையா.

அமாவாசைக்கு நீங்களும் உங்கள் அம்மாவும் ஆனைமலைக்கு மாசாணியம்மனைக் கும்பிடப் போனீர்கள். அங்கே உங்கள் சின்னம்மா மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. நீங்கள் பஸ் ஏறிய அன்றே அண்ணன் டெம்போவில் சாமான்களோடு வந்துவிட்டான். தெற்குப் பார்த்துச் சாய்த்து மொட்டை மாடியில் பொருத்தினார்கள். பொடக்காலிக்குக் குழாய் இறக்கினார்கள். குழாய் வர வேண்டிய இடத்தில் உங்கள் அடுப்பு இருந்தது. இரண்டடி தள்ளிக்கூடக் குழாயை இறக்கியிருக்கலாம். அண்ணன் கேட்கத்தான் செய்தான். "எதுக்குங்கண்ணா? இனி அந்தச் சனியனை யாரு பத்த வெக்கப் போறா?" என்று சொல்லி, கடப்பாரையை வாங்கி முதல் அடியை அடித்தது நான்தான். மண் சுவர் பொலபொலவென்று சரிந்தது. அண்டாவைத் துலக்கிப் பரண் மேல் ஏற்றினோம். இடித்த இடத்தில் சிமெண்ட் பூசிக் கழுவிவிட்டேன். புகைக்கரி படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பொடக்காலி பளிச்சென்று இருந்தது.

மூன்றாம் நாள் பொழுதோடு நீங்கள் வந்தீர்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திருகிக் காட்டினேன்.

"தொட்டுப் பாருங்க நங்கையா! சூரியன் காச்சுன தண்ணி. இனி நீங்க காலைல எந்திரிக்கவே வேண்டாமுங்க."

நீங்கள் கையை நீட்டினீர்கள். பிறகு அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள்.

"நல்லாருக்குது கண்ணு" என்றீர்கள். கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். பயணக் களைப்பு என்று நான் நினைத்தேன்.

மறுநாள் விடியலில் பொடக்காலிக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். வழக்கமான நேரத்துக்கே எழுந்து, துவைக்கிற கல்லின் மேல், இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் அப்பா துண்டோடு வந்தார். உங்களைத் தாண்டிப் போனார். குழாயைத் திருகினார், குளித்தார், போனார். பிறகு உங்கள் தம்பி, பிறகு கொழுந்தனார், பிறகு பிள்ளைகள். யாரும் கோபமாக இல்லை, யாரும் அலட்சியமாக நினைக்கவும் இல்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நான் அதையும் பார்த்தேன். பார்த்தும் புரியவில்லை. ஊரிலிருந்து ஆட்கள் சோலாரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மாடிக்குக் கூட்டிப்போய் விளக்கம் சொல்லுவதில் எனக்கு நாள் போயிற்று.

ஒரு வாரம் கழித்து நீங்கள் துணிப்பையை எடுத்தீர்கள். "ஆனைமலைல தங்கச்சிக்கு ஒடம்பு செரியில்லைன்னு சொன்னா. கொஞ்ச நாளு கூட இருந்துட்டு வாரேன்." பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு மூன்று நாள் வெயிலே இல்லை. குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. கேஸ் அடுப்பில் குண்டா குண்டாகச் சுட வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எது யாருக்கு என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரே சூட்டில் ஊற்றி, ஒரு பிள்ளையை அழ வைத்தேன். அது பெரிய கஷ்டமில்லை. மழை விட்டால் தீர்ந்துவிடும். அன்று மாலை உங்கள் அம்மாவிடம், "நங்கையாவை வரச்சொல்லித் தகவல் சொல்லலாமுங்களா அத்தை?" என்று கேட்டேன். அவர் வெள்ளந்தியாக ஒரு பதில் சொன்னார்.

"இருக்கட்டும் அம்மிணி. அவளுக்கு இங்கென்ன சோலி இருக்குது இப்ப?"

பெற்றவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. நான் இடித்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். உக்கடத்தில் மாறி, பொள்ளாச்சியில் மாறி, ஆனைமலை போய்ச் சேரும்போது மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. உங்கள் தங்கைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லுக்குண்டாக வாசலில் நின்று வரவேற்றார். "அக்கா பின்னால இருக்குது" என்றார். கொல்லைப்பக்கம் போனேன். அந்த வீட்டிலும் ஒரு மண் அடுப்பு. அதன் முன்னால் உட்கார்ந்து நீங்கள் ஊதிக்கொண்டிருந்தீர்கள். இருமிக்கொண்டே ஊதினீர்கள்.

என்னைப் பார்த்ததும் பதறினீர்கள். "ஏங்கண்ணு, ஊட்டுல ஆருக்காவது ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

"இல்லீங்க நங்கையா. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

நீங்கள் விறகை உள்ளே தள்ளினீர்கள். நான் உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உங்களுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன் என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். புகைக்கா, அழுகைக்கா, தெரியவில்லை.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. அது எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு கண்ணு. அந்த ஊட்டுல தறி அப்பாவோடது, சமையக்கட்டு அம்மாவோடது, பீரோ சாவி உன்றது. என்றதுன்னு இருந்தது அந்த அடுப்பொண்ணுதான். காலைல நாலு பேரு எங்கிட்ட வந்து நின்னு, வரட்டுமான்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கோசரந்தான் நான் எந்திரிச்சது."

"என்னைய ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமுங்களே."

"என்னன்னு திட்டறது? நீ எனக்கு நல்லது பண்ணிப்போட்டேன்னா?" சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். பிறகு சொன்னதை நான் அன்றிலிருந்து மறக்கவில்லை. "நீ ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருந்தீன்னா, கடப்பாரையை நானே எடுத்து இடிச்சிருப்பேன்."

புதிதாக அடுப்புக் கட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள். "அந்தக் கருமாந்தரம் இனி எதுக்கு? நெஞ்சு பொகைஞ்சு கெடக்குது. வாரேன் போ, தண்ணி நல்லாத்தான் சுடுது." மத்தியான பஸ்ஸில் இருவரும் திரும்பினோம். பொள்ளாச்சி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கினீர்கள்.

ஆனால் உங்கள் விடியற்காலைகள் அப்படியே காலியாகத்தான் இருந்தன. மாடிக்குப் போய்க் கண்ணாடித் தகட்டை ஈரத்துணியால் துடைப்பீர்கள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தை பிறந்தபோது ஊர் பால் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். காலை ஐந்தரைக்கு வந்து நிற்க ஆள் வேண்டும் என்று செகரட்டரி கேட்டுக்கொண்டிருந்தார். பூப்பறிக்கப் போனபோது அது உங்கள் காதில் விழுந்திருக்கிறது. "நான் போகட்டுமா கண்ணு?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். "மாமாகிட்ட நான் பேசட்டுங்களா?" என்றேன். "வேண்டாம், நானே பேசிக்கறேன்" என்றீர்கள்.

உங்கள் அப்பா குதித்தார். "நம்மூட்டுப் பொம்பளை சொசைட்டில போயி ஊரான் பாலை அளக்கறதா? சாதிசனம் என்ன பேசும்?"

நீங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். குரல் உயரவே இல்லை. "ஏனுங்கப்பா, பத்தொம்பது வருசம் உங்களுக்குச் சுடுதண்ணி வெச்சேனுங்க. இப்ப அதையச் சூரியன் பாத்துக்குது. காலைல எனக்கு ஒரு சோலி வேணுமுங்க."

மறுநாள் நீங்கள் கிளம்பும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றது அவர்தான்.

அதன் பிறகு பதினான்கு வருடம். அளவுப் படியும், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியுமாக நீங்கள் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்த அழகை நான் பார்ப்பதற்கென்றே சில நாள் வந்திருக்கிறேன். ஊர்ப் பெரிய தோட்டக்காரர், உங்களுக்கு மாமன் முறை, ஒரு நாள் கொண்டுவந்த பாலில் பால்மானி தொபுக்கென்று உள்ளே போய்விட்டது. வரிசையே வேடிக்கை பார்த்தது. "ஏனுங் மாமா, மாடு தண்ணி குடிச்சுதா, இல்லை பாலு தண்ணி குடிச்சுதா?" என்று கேட்டு, கேனை மரியாதையாக அவர் பக்கமே தள்ளிவைத்தீர்கள். அடுத்த நாள் அவர் நல்ல பாலோடு வந்து, "அம்மிணி, இப்பப் பாரு" என்று பவ்யமாக நின்றார். உங்கள் இருமல் முழுதாகப் போகவில்லை. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மூச்சு வாங்கி அப்புறம் நான் பார்க்கவில்லை.

கடைசி வருடம் கால் தளர்ந்து, உங்களை நான்தான் குளிக்க வைத்தேன். நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு சொம்புக்கும் கேட்பேன். "சூடு போதுங்களா? முதுகுக்கு ஊத்தட்டுங்களா? தலைக்கு வேண்டாமுங்களா?" ஒரு நாள் நீங்கள் ஈரக்கையால் என் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினீர்கள்.

"அடக் கிறுக்கி, ஒரு சொம்புக்கு எத்தனை கேள்வி? ஊத்து, வெறைக்குது."

நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் உங்கள் தம்பி பட்டறையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை, நங்கையா. மருமகள் வந்துவிட்டாள். அவள் அலமாரியில் நான் ஒரு புடவையை மடித்து வைப்பதானாலும் வாசலில் நின்று கேட்கிறேன். "எதுக்கு அத்தை எல்லாத்துக்கும் எங்கிட்டக் கேக்கறீங்க?" என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். அலுத்துக்கொள்ளட்டும். அவளிடம் கேட்க இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.