கன்னத்தில் வைத்த மை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
11.8.2002

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அதுபோல நீயும் சென்னையில் சுகமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பா ஆபீசிலிருந்து வந்து படித்துவிட்டு மடித்து டிவி மேல் வைத்தார். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம். மோட்டார் ரிப்பேராகி மூன்று நாள் தண்ணீர் இல்லை, இப்போது வருகிறது. பின்னால் புதிதாக வீடு கட்டுகிறார்கள், ஒரே தூசி, துடைத்த இடத்திலேயே மறுபடியும் படிகிறது, நானும் விட்டுவிட்டேன். முன்பெல்லாம் இதற்கே நாலு சண்டை போட்டிருப்பேன். இப்போது மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது. குழம்பில் உப்பு இல்லை என்று அப்பா சொன்னால்தான் எனக்கே தெரிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கன்னத்தில் இருக்கும் வெண்படைக்கு மூன்று தோல் கிளினிக் பார்த்து வைத்திருக்கிறாய், எதற்குப் போகட்டும் நீயே சொல்லும்மா என்று எழுதியிருக்கிறாய். அண்ணா நகரில் மூன்றே மாதத்தில் சுத்தமாகப் போய்விடும் என்று போட்டோ ஆல்பம் காட்டினார்களே, அது வேண்டாம். ஆல்பத்தில் நல்லபடி ஆனவர்கள்தானே இருப்பார்கள், ஆகாதவர்கள் எங்கே என்று கேட்டாயா. தி.நகரில் கண்ணாடிக் கட்டடம், உள்ளே போனால் ஜில்லென்று இருக்கிறது என்கிறாய், ஆனால் உன் கன்னத்தைப் பார்த்தது டாக்டர் இல்லை, முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். புடவைக் கடைக்குப் போனாலும் ஜில்லென்றுதான் இருக்கிறது. எழும்பூரில் அந்த வயதான லேடி டாக்டர், "முழுசா போயிடும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன், ஒரு வருஷம் பரவாம இருந்தாத்தான் தோல் எடுத்து ஒட்டுறதைப் பத்தியே பேசணும், அதுவரைக்கும் மருந்தும் தோல்மேல லைட் காட்டுறதும் போதும்"னு சொன்னாராமே, போவதானால் அங்கே போ. முடியாததை முடியாது என்று சொல்கிறவர் கையில் உன்னை ஒப்படைக்க எனக்குப் பயமில்லை.

ஆனால் நீ அண்ணா நகரில் தோல் ஒட்டிக்கொள்ள ஆவணியில் நாளே கேட்டுவிட்டாய். "கீழ்பென்னாத்தூர்க்காரங்க மாதிரி இன்னொருத்தர் என் மூஞ்சியப் பார்த்து எழுந்து போறதை என்னால தாங்க முடியாதும்மா, வலிச்சாலும் பரவாயில்ல"னு கடைசியில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு நான் ஒன்று சொல்லியாக வேண்டும். தையில் அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, இருக்கிறதை இருக்கிறபடியே பார்க்கட்டும் என்று நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. ஆருத்ரா தரிசனம் முடிந்து கோயிலில் வாங்கிய தீப மை வீட்டில் இருந்தது, மலைமேல் பதினோரு நாள் எரிந்த தீபத்தின் மை, நடராஜருக்கு வைத்த பிறகு நமக்குக் கொடுப்பது, அதை வைத்தால் எந்தக் குறையும் யார் கண்ணிலும் படாது என்று நினைத்துத் திருஷ்டிப் பொட்டு மாதிரி உன் கன்னத்தில் பெரிதாக அப்பிவிட்டேன். சாமி மையை வைத்துப் பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பையனின் அம்மா சந்திரகலா, "இன்னாம்மா இம்மாம் பெரிய பொட்டு, எங்க கண்ணு ஒண்ணும் அவ்ளோ கெட்ட கண்ணு இல்ல"னு சிரித்துக்கொண்டே முந்தானையால் ஓரத்தைத் துடைத்ததும், மை இழுபட்டு வெள்ளை தெரிந்ததும், காபியைத் தொடாமல் எல்லோரும் எழுந்து போனதும் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பங்குனியில் தேரடி வீதி பாத்திரக்கடையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன், அவரே கூப்பிட்டு நிறுத்தினார். "அந்த வெள்ளையெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லீங்க, எங்க நாத்தனாருக்கே கையில இருக்குது, ரெண்டு புள்ள பெத்து நல்லாத்தான் இருக்குறாங்க, நீங்க மறைச்சீங்க பாருங்க, இதையே மறைக்கிறவங்க இன்னும் எதை எதை மறைப்பாங்களோன்னு எம்புள்ள பயந்துட்டான், பொண்ண அவனுக்குப் புடிச்சித்தான் இருந்துச்சி"னு சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. வாங்க வந்த குக்கர் கேஸ்கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பையனுக்கு வைகாசியில் வேறு இடத்தில் கல்யாணமும் முடிந்தது. அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. இத்தனை மாதமாக நீ உன் முகத்தால்தான் எல்லாம் போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், நான் நினைக்க விட்டுவிட்டேன். சொன்னால் என்னை வெறுத்துவிடுவாயோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

எழில், இனி நீ முடிவு பண்ணு. உனக்கே வேண்டும் என்று இருந்தால் எழும்பூருக்குப் போ, அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்து உன் கூட உட்காருகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். கல்யாணத்துக்காக மட்டும் உடம்பில் கத்தி வைத்துக்கொள்ளாதே, அண்ணா நகரில் கேட்ட ஆவணித் தேதியை முதலில் வேண்டாமென்று சொல்லிவிடு. என் மேல் கோபமாக இருந்தால் போன் பண்ணித் திட்டு, அப்பா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஹாஸ்டலில் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்காதே. டாக்டரிடம் போகும்போது பவுடர் போடாமல் போ, அவருக்குச் சரியாகத் தெரிய வேண்டும். ஊருக்கு வரும்போதும் அப்படியே வா.

இப்படிக்கு,
உன் அம்மா
க. ரேணுகாம்பாள்