பகல் வண்டி

மச்சான்,

இன்று காலை ரயில்வே கேட்டில் மானத்தை விட்டுவிட்டு வந்தேன். மகள் கேட்டாள் என்று இரண்டு ட்ரே முட்டை வாங்கி மொபெட்டின் பின்னால் கட்டியிருந்தேன். கேட் போட்டிருந்தது. கரூர்ப் பக்கமிருந்து ரயில் வந்ததும், ஐம்பத்தாறு வயசு ஆள், கையைத் தூக்கி ஆட்டினேன். ஒரு கை போதவில்லை போலிருக்கிறது, இன்னொன்றையும் விட்டேன். மொபெட் சாய்ந்தது. அறுபதில் ஒன்பதுதான் தேறியது.

"ஏனுங்ணா, ரயில்ல தெரிஞ்சவங்க யாராச்சும் போறாங்களா?" என்று பக்கத்தில் நின்ற பால்காரர் கேட்டார்.

"ஆமாங்க, என்ற மச்சான்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

தார் ரோட்டில் வழிந்ததைத் துடைக்கக் குனிந்தபோது அந்தக் கவிச்சி மூக்கில் ஏறியது. முப்பது வருசம் முட்டை லாரி ஓட்டிய உங்கள் சட்டையில் இருந்ததும் அதே வாசம். அக்கா எந்த சோப்புப் போட்டும் போகாதது.

சாயங்காலம் நாமக்கல்லில் லோடு ஏற்றி, விடிவதற்குள் கேரளாவில் இறக்கி, பகலெல்லாம் லாரிக்கு அடியில் தூங்கி, இருட்டியதும் திரும்பி வந்தீர்கள். கடைசியில் இதயம் பலவீனமாகிக் கட்டிலில் கிடந்தபோது, பார்க்க வந்த என்னிடம் சொன்னீர்கள்: "பாரதப்புழாவ எத்தன ஆயிரம் தடவ தாண்டியிருப்பேன்? தண்ணி என்ன கலருன்னு கேட்டா எனக்குத் தெரியாது மாப்ளே."

"ரயில்ல போயிப் பாக்கலாமுங்களா?" என்றேன். சத்தியமாகப் பேச்சுக்குத்தான் கேட்டேன். நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரே நிபந்தனை: "ராத்திரி வண்டி வேண்டாம். இருட்டு நான் பாத்தாச்சு."

அலைச்சல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உங்கள் மகன் குதித்தான். அக்கா மட்டும் மூன்று நாள் யோசித்து, "நீ கூட இருக்கறயேன்னுதான்டா உடறேன்" என்றாள். என் மகள் போனில் டிக்கெட் எடுத்து, எங்கே ஏறுவது, எங்கே தங்குவது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதுவதுபோல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். முதல் நாள் கோயமுத்தூர், அடுத்த நாள் மங்களூர், அதற்கடுத்த நாள் கோவா. எல்லாம் பகல் வண்டி.

உங்களுக்குக் காவலாக வந்த ஆள் எப்படிப்பட்டவன்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பஸ்ஸில் திருச்செங்கோடு போவதற்குள் வாந்தி எடுப்பவன். பாலக்காடு தாண்டியதும் எனக்குத் தலை சுற்ற, நீங்கள்தான் மலையாளத்தில் பேசிப் பால் விடாத கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தீர்கள். "நோயாளி யாருன்னு டிடிஆர் கேட்டா என்னையக் காட்டாதே" என்றீர்கள்.

பாரதப்புழா வந்தது. பாதி மணல், பாதி தண்ணீர். "பச்சை மாப்ளே! பச்சையாவல்ல இருக்குது!" என்று எதிர் சீட்டு அம்மாவிடமும் சொன்னீர்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையாட்டியது. வண்டி வேகம் குறையும்போதெல்லாம் உங்கள் வலது கால் தரையை அமுக்கியது. "என்னமா பிரேக் புடிக்கறான் பாரு. ஒரு முட்டை உடையாது."

தலச்சேரிக்கு முன்னால் ஒரு கேட்டில் நம்மூர் நெம்பர் போட்ட முட்டை லாரி நின்றது. காலி ட்ரேக்கள் அடுக்கியிருந்தன. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "டேய், நம்மூரு வண்டிடா!" என்று கத்தினீர்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தார்.

"தலையத் தூக்கிப் பாக்க மாட்டேங்கறான் பாத்தியா? நானும் இப்படித்தான் கெடந்தேன்."

மறுநாள் கொங்கண் பாதையில் ஆறும் குகையுமாக மாறி மாறி வந்தது. ஒவ்வொரு குகை இருட்டிலும், "இது நான் ஓட்டுன ரோடாட்டவே இருக்குது" என்று சிரித்தீர்கள்.

திரும்பி வந்து ஒரு மாதம் இருந்தீர்கள். பிறகு இல்லை.

ரயிலில் கூட்டிக்கொண்டு போய் ஆளை முடித்துவிட்டேன் என்று உங்கள் வீட்டில் பேச்சு. வருசத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உங்கள் மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் நான். உங்கள் மகன் போன வாரம் வந்தான். உட்காரக்கூட இல்லை. "மாமா, அம்மாகிட்ட வந்து தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. அப்புறம் முறைக்கு நில்லுங்க. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

சொல்ல மாட்டேன் மச்சான். பட்டுச் சேலையோடும் சீர்த்தட்டோடும் போவேன், தாய்மாமன் நிற்கிற இடத்தில் நிற்பேன். வேண்டுமானால் எல்லார் முன்னாலும் பிடித்து வெளியே தள்ளட்டும். ஐம்பத்தாறு வயசில் எனக்கு அவமானம் ஒன்றும் புதிதில்லை. கூட்டிக்கொண்டு போனேன். நாளைக்கு நீங்கள் எழுந்து வந்து கேட்டால் நாளைக்கும் போவேன்.

அக்கா கேட்ட ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. கருமாதி அன்று கேட்டாள்: "வழியில எங்கயாச்சும் அவருக்கு முடியாமப் போச்சா?" ஆமாம் என்றேன். "அப்ப ஏன்டா எறக்கல?" பந்திக்கு இலை போடப் போய்விட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

மங்களூர் போன அன்று, கண்ணூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. மாத்திரையை நாக்கடியில் வைத்தேன். அடுத்த ஸ்டேஷன் நெருங்கி வண்டி வேகம் குறைத்தது. மேலே இருந்த பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் ஜன்னலிலிருந்து திரும்பினீர்கள்.

"பைய எதுக்கு மாப்ளே எடுத்தே?"

"முறுக்கு எடுக்கலாம்னுங்க."

"எனக்கும் ஒண்ணு குடு."

பையில் முறுக்கு ஏது? இரண்டு லுங்கி, துண்டு, உங்கள் மாத்திரை டப்பா. கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தேன். நீங்கள் அதற்குள் மறந்துவிட்டு, தென்னைகளுக்கு நடுவே தெரிந்த தண்ணீரைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தீர்கள். மூச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. வண்டி நின்றது. நான் கேட்டிருந்தால் "செரி மாப்ளே" என்று எழுந்திருப்பீர்கள். என் பேச்சை நீங்கள் தட்டியதே இல்லை. அதனால்தான் கேட்கவில்லை. வண்டி நகர்ந்ததும் பையை மேலே வைத்தேன்.

"எறங்கிக்கலாமுங்களா மச்சான்?"

அது இன்னும் என் வாய்க்குள்ளேதான் இருக்கிறது.