சிவப்புப் புள்ளி வைத்த அட்டை

சற்றுமுன் உங்கள் மனைவியின் நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தேன், நண்பரே. அடியில் கொஞ்சம் ஈரம் மிச்சம். அந்தக் காரமான வாசனையில் புக்கிட் காத்தில் ஊரில் இருந்த உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்துவிட்டது.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்கள் நம் இருவருக்கும் அந்த மேசையில் நடந்தது போதுமான விளையாட்டு. அணிகளை, அதாவது வரிசை வரிசையாக அடுக்கிய எண்களை, வேகமாகப் பெருக்கும் வழிகளை அட்டைகளில் தொகுப்பது என் வேலை. இரண்டுக்கு இரண்டு அணிகளுக்கு எட்டுப் பெருக்கல் வேண்டாம், ஏழே போதும் என்பது முதல் அட்டை. பெரிய அணியைக் கட்டங்களாக வெட்டி, ஒரு வழிக்குள் இன்னொன்றைச் செருகிப் பார்ப்பது உங்கள் வேலை. எண்களை முன்பின் மாற்றிப் பெருக்கினால் மட்டுமே நடக்கும் வழிகளும் உண்டு. எண்ணின் இடத்தில் கட்டம் வந்தால் அப்படி மாற்ற முடியாது, வழி உடைந்துவிடும். அவற்றின் அட்டைகளுக்கு இந்தப் பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துத் தனிப் பெட்டியில் ஒதுக்கினேன்.

"இதெல்லாம் உங்கள மாதிரி லா சார். தனியா நல்லா வேலை செய்யும், யாரோடயும் சேராது," என்று பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டுக் கேலி செய்வீர்கள்.

"அண்ணன சும்மா விடுங்க," என்று அடுப்படியிலிருந்து உங்கள் மனைவியின் குரல் வரும். "என் பூச்சையும் காலி பண்ணியாச்சு. கணக்குக்கு என்ன கல்யாணமா?"

ஒருவர் செருகியதை மற்றவர் பென்சிலால் பெருக்கிப் பார்க்காமல் பெட்டியில் சேர்ப்பதில்லை. நான் பார்த்து முடித்து, கணக்கு சரியாகப் போகிறது என்று தலையை மட்டும் அசைப்பேன். "வாயத் தொறந்து சொல்லுங்க சார், போவுதா இல்லையா?" பிறகு நீங்களே மேசையைத் தட்டுவீர்கள்: "போவுது லா!"

நீங்கள் காலமானபின் உங்கள் மனைவி ஜாசினுக்கு, மகளிடம் போய்விட்டார். பெட்டிகளும் குப்பியும் டுரியான் துங்காலில் என் வீட்டில். போன மழைக்காலத்தில் ஒன்று தோன்றியது. சிவப்பு வழி தனக்குள் எதையும் ஏற்காது, சரி. ஆனால் வேறொரு வழிக்குள், வெட்டி வெட்டி வெறும் எண்களே மிஞ்சும் கடைசி இடத்தில், அதை வைக்கலாமே? இவ்வளவு எளியதை இருவரும் எப்படி விட்டோம்? எளியது என்பதாலேயே பயந்தேன். கணினி சரி என்றது. நம் வழக்கப்படி இன்னொருவர் பார்க்க வேண்டுமே, இன்னொருவர் இல்லை. செய்தது எனக்கே மறக்கட்டும், பிறகு நானே அந்த இன்னொருவராகப் பார்க்கலாம் என்று, எழுதிய தாளை அலமாரியில் வைத்துக் காத்திருந்தேன்.

இன்று காலை எடுத்தபோது வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. பென்சிலால் முதலிலிருந்து பெருக்கினேன். எங்கும் பிசகவில்லை. பழக்கத்தில் தலையசைத்தேன். எதிரே நாற்காலி சும்மா இருந்தது.

நானே மேசையைத் தட்டினேன். "போவுது லா," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

உள்ளே சிவப்பு வழி இருப்பதால் புதிய அட்டைக்கும் சிவப்புப் புள்ளிதான். காயும்வரை ஊதிவிட்டு, தனிப் பெட்டியில் அல்ல, நீங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சேர்த்த வழிகளின் அட்டைகளுக்கு நடுவே வைத்தேன்.