கையில் கொடுக்காத எண்ணெய்

ஸ்ரீ:

செம்பாக்கம்,
மார்கழி 2, புதன்கிழமை

என் மிருதுளாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் பெருமாள் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

பழக்க தோஷத்தில் முதலில் 'சௌ. மிருதுளாவுக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு உன் பெயருக்கு முன்னால் அந்த 'சௌ.' வரலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. குமாரி என்றும் போட முடியாது. அப்பாவைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, அவ பேரு மிருதுளா, அதை எழுதினா போறாதோ என்றார். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன்.

நீ போனை எடுப்பதில்லை என்று எனக்குக் கோபமில்லை. உங்க குரலைக் கேட்டா அன்னிக்குப் பூரா ஆபீஸ்ல உட்கார முடியலைம்மா என்று கடைசியாகச் சொன்னாயே, அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ஜெயசீலி டீச்சர் கிறிஸ்துமஸுக்கு மகன் ஆஸ்டின் வீட்டுக்குப் புனே வருகிறார். இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பாண்டால் இறுக்கி, அப்பாவின் பழைய வேஷ்டியில் சுற்றியிருக்கிறேன். டீச்சருக்கு நாகர்கோவில் பக்கம் இல்லையா, தேங்காய் எண்ணெய் என்றால் சொல்லவே வேண்டாம். எங்க ஊர்ல மீன் குழம்புக்கே இதுதான் மாமி என்று நம் அடுக்களையில் நின்றுகொண்டே சொல்வார். அப்பா காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார்.

எண்ணெய் நம் வாசல் மரத்துத் தேங்காயில் ஆட்டியது. நீ சொல்லித் தந்தபடியே உடைத்து மொட்டை மாடியில் காய வைத்தேன். ஐப்பசி முழுக்க அடைமழை. வெயில் எட்டிப் பார்க்கும்போது மேலே ஏற்றுவதும், மேகம் கறுத்தால் அள்ளிக்கொண்டு ஓடி வருவதுமாகப் போயிற்று. பூசணம் பிடிக்காமல் காப்பாற்றியதே பெரும்பாடு. காக்காய்க்குப் பயந்து கொசுவலையைப் போர்த்தினால், அது வலையோடு இழுக்கிறது. கடைசியில் அப்பாவே குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் காவல் உட்கார்ந்தார். நீ வந்த புதிதில், தலையில தேய்க்கறதை இலையில ஊத்தறாளே இந்தப் பாலக்காட்டுப் பொண்ணு என்று கேலி செய்த அதே மனுஷர்தான். இப்போது அவியலை இறக்கிப் பச்சை எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு உடனே மூடாவிட்டால் எனக்குத் திட்டு விழுகிறது. மிருதுளா பண்ணினா தெருமுனைக்கு வாசனை வரும், நீ பண்ணினா அடுக்களைக்கே வரலை என்கிறார். 

குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நிற்கிறது. நீ செய்வாயே, அதே போல அப்பா அதை ஜன்னல் விளிம்பில் வெயில் படும் இடத்தில் வைக்கிறார். நான் வைக்கச் சொல்லவில்லை. புனேயில் இன்னும் கெட்டியாக உறையும். அடுப்பில் காட்டாதே, வெயிலில் வை. உனக்கே நான் சொல்கிறேன் பார்.

இனி சொல்லியே ஆக வேண்டியதைச் சொல்கிறேன். வேறு யார் மூலமாகவோ உன் காதில் விழுவதைவிட நான் எழுதுவது மேல். ஷ்யாம்சுந்தர் தை மாதம் வருகிறான். அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு. அவன் வேலை பார்க்கும் ஊரிலேயே ரிஜிஸ்தர் செய்துகொண்டுவிட்டார்களாம். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவளும் யாரோ பெற்ற பெண். வாசலில் நிற்க வைத்து நான்தான் ஆரத்தி எடுக்க வேண்டும். உனக்கு எடுத்த அதே தட்டு. வேறு தட்டு வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். அவன் என் பிள்ளை, மிருதுளா. வேறென்ன எழுதுவது?

அவளுக்குத் தேங்காய் எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளாதாம், அடுக்களையில் அது இருக்க வேண்டாம் என்று போனில் சொன்னான். மாடி அறையில் உன் சாமான்களையும் ஒழித்துவிடச் சொன்னான். ஒழித்தேன். புடவைகளைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தலையணை உறையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீரில் ஊற வைத்தும் முழுக்கப் போகவில்லை. அதை ஒழிக்கவில்லை, என் தலையணைக்குப் போட்டுக்கொண்டேன்.

அலமாரியில் அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணமும் இருந்தது. ஐந்தாம் மாதம், வயிறு அரிக்கிறது என்று தேய்த்துக்கொள்ள அதில்தான் எண்ணெய் ஊற்றி வைப்பேன். வயிற்றில் இருந்தது போன பிறகு நீ எழுந்திருக்கவே இல்லை. தலை வாரிக்கொள்ளவில்லை, முடி சிக்குப் பிடித்துச் சடையாகத் திரண்டுவிட்டது. வெட்டிவிடலாம் என்று நாகலக்ஷ்மி மன்னி சொன்னாள். நான் விடவில்லை. பின்னால் உட்கார்ந்து எண்ணெயை ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு இழையாகப் பிரித்தேன். மத்தியானம் ஆரம்பித்தது, முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.  அன்றைக்கு அவன் வந்திருக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்றான். அப்போது நான் சிக்கெடுத்த கையோடு அழுதேன், நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் உனக்குத் தெரியாது.

அவர்கள் வருவதற்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். கூடத்து ஜன்னலோரச் சுவரில், நீ தினமும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காரும் இடத்தில், உன் தலை பட்ட எண்ணெய்க் கறை வட்டமாக இருக்கிறது. பெயிண்டர் சிட்டிபாபு அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, எத்தினி கோட்டு அடிச்சாலும் மேல வந்துகினே இருக்குமே, சொரண்டிட்டுத்தான் பட்டி வெக்கணும் என்றார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா எழுந்து தன் சாய்வு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சார், கொஞ்சம் எழுந்துக்கோ சார் என்று சிட்டிபாபு சொல்லிப் பார்த்தார். எனக்கு முட்டி வலி, எழுந்துக்க முடியாது, மத்த இடத்துல அடி என்றார் அப்பா. சுற்றிலும் புது பெயிண்ட், நடுவில் நாற்காலி அளவுக்குப் பழைய சுவர். வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

நேற்று கோவிலில் ஒருத்தி உன்னை விசாரித்தாள், அவ இப்ப உங்களுக்கு என்ன உறவு மாமி என்று. மாட்டுப்பெண் என்று வாய் வரை வந்தது. முன்னாள் மாட்டுப்பெண் என்று யாராவது சொல்வார்களா? அதற்கு ஒரு வார்த்தை இல்லையே. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குத் தாங்கவில்லை.

நீ நமஸ்காரம் செய்யும்போதெல்லாம் தீர்க்க சுமங்கலியாக இரு என்பேன். இப்போது அதைச் சொல்ல முடியவில்லை. தலை குளிர, வயிறு குளிர இரு, குழந்தே. வெள்ளிக்கிழமை விடாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. முதுகுக்கு எட்டாது, அறையில் கூட இருக்கும் பெண் யாரையாவது தேய்க்கச் சொல்.

கடைசியாக ஒன்று. எண்ணெயைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு முறிந்துவிடும் என்று நான் எப்போதும் அடுக்களை மேடையில் வைத்துத்தான் உன்னை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அந்தச் சட்டமெல்லாம் நல்லெண்ணெய்க்குத்தாம்மா, இது தேங்காய் எண்ணெய் என்று நீ கையை நீட்டிக்கொண்டு சிரிப்பாய். எண்ணெய் எதுவானாலும் எண்ணெய்தான் என்று நான் கடைசி வரை கையில் தரவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் முறிந்துவிட்டது. இன்றைக்கும் டீச்சரிடம் கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்த பாட்டில் தீர்ந்தால் யாரிடமும் சொல்லி அனுப்பாதே. நீயே ஒரு தடவை வா. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, மாசியில் வா. இனிமேல் முறிவதற்கு நமக்குள் பெயர் சொல்லி ஒரு உறவும் பாக்கியில்லை. நீ கையை நீட்டு, நான் உன் உள்ளங்கையிலேயே ஊற்றுகிறேன்.

அம்மா