வலைக்குள் பிறந்த ஈ

அத்தை,

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். நேற்றைய கோபத்தில் தோட்டம் முழுக்கக் கல் பதிக்க நீங்கள் வரச் சொன்ன கொத்தனார் வருவார். தோட்டம் தோட்டமாகவே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

காலையில் வாடிய கோஸ் செடியொன்றைப் பிடுங்கினேன். வேரெல்லாம் வெள்ளைப் புழு! ஜன்னலில் பாட்டிலுக்குள் இருக்கிறது, பாருங்கள். ஒரு சின்ன ஈ தண்டை ஒட்டி மண்ணில் முட்டையிடும்; அதிலிருந்து வருவதுதான் இது. அந்த ஈயைத் தடுக்கத்தான் நீங்கள் வலை தைத்தீர்கள். ஆனால் போன தடவை அதே பாத்தியில்தானே முள்ளங்கி போட்டோம்? அதைத் தின்ற புழுக்கள் மண்ணுக்குள்ளேயே கூடு கட்டித் தூங்கியிருக்கின்றன. ஈயாகி எழுந்தால் மேலே உங்கள் வலை. வெளியே போக வழியில்லாமல் நம் கோஸிலேயே முட்டையிட்டுவிட்டன.

நேற்று "உங்க வலையாலதான் எல்லாம் போச்சு" என்று கத்தினேனே, அது தப்பு. வலையில் ஒரு குறையும் இல்லை. இடம்தான் தப்பு.

சுவரோரத்து மண்ணில் நாம் கோஸோ முள்ளங்கியோ போட்டதே இல்லை. சாயங்காலம் புது நாற்றை அங்கே நட்டு, கையோடு வலையைப் போட்டுவிடுவோம். பழைய பாத்தியில் பீன்ஸ் வைக்கலாம். இந்தப் புழு அதைச் சீண்டாது.

வாடிய செடிகளை நானே பிடுங்குகிறேன். உங்கள் முதுகு வலியோடு நீங்கள் குனிய வேண்டாம்.

கொத்தனார் கல்லை இறக்கிவிட்டால், ஒவ்வொன்றாகத் தெருவில் தூக்கிப் போடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று: வலையைத் தேடினேன், காணோம். கோபத்தில் எங்கே ஒளித்திருந்தாலும் எடுத்து வையுங்கள். அப்படியொரு வலையை எனக்கு வேறு யார் தைத்துத் தருவார்கள்?