கிடந்தவர்களின் பிரதி

மட்டக்களப்பு,
1971 ஆவணி.

அன்பு மகள் மார்கிறட் அறிவது, மாதாவின் துணையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், லண்டன் குளிரில் நிற்கிறவள் தாய்க்கு வேறெப்படி எழுதுவாள் என்கிறார் அப்பா. தங்கச்சி றோசம்மாவுக்கு இது ஏழாம் மாதம். வாவியில் இறால் மலிந்து கிடக்கிறது, உன்னை நினைத்தால் தொண்டையில் இறங்குவதில்லை, ஆனாலும் சாப்பிடுகிறேன்.

இதை லண்டனுக்கு வருகிற நம்மட கோயில் பாதிரியார் டொமினிக் சுவாமி கையில் கொடுத்து விடுகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன் அரசாங்கம் வாசிக்கிற காலம். சித்திரையில் தெற்கே நடந்த கிளர்ச்சியை அடக்கிவிட்டு இங்கே மாற்றலாகி வந்த ஒரு ஆமிக்காரன் நம்மட ஸ்டூடியோவில் பிலிம் கழுவக் கொடுத்தான். அவனுடைய ஊரில் கொடுத்தால் படத்தில் இருப்பவர்களை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களாம், நம்மூர்தான் தோதாம். மரியாதையான பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அப்பாவுக்குக் கண் மங்கல் என்று நான்தான் கழுவினேன். ஒரு படத்தில் பிடிபட்ட கிளர்ச்சிக்காரப் பொடியன்கள் கை பின்னால் கயிற்றால் கட்டப்பட்டு முழங்காலில் இருக்கிறார்கள். அடுத்ததில் அதே பொடியன்கள் அதே கயிற்றோடு செத்துக் கிடக்கிறார்கள், பின்னால் ஆமிக்காரர் கலியாண வீட்டில் நிற்பதுபோல் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். சண்டையில் செத்ததாக றேடியோ சொன்னது, றேடியோவுக்குக் கண் இல்லை, பாவம். பெற்றவர்கள் எங்கேயோ வாசலைப் பார்த்திருப்பார்களே என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் பிள்ளை.

எத்தனை பிரதி என்று அப்பா கேட்டதற்கு, குறூப் படம்தானே, வழக்கம்போல் ஆளுக்கொன்று என்றான். நம்மட வழக்கம் உனக்குத் தெரியும், படத்தில் எத்தனை தலையோ அத்தனை பிரதி. நின்றவர்களுடையதை அவன் வந்து வாங்கி, முகம் நல்ல தெளிவு என்று மெச்சிவிட்டுப் போனான். கிடந்தவர்களுடையது இந்தக் கடிதத்தோடு வருகிறது, அவர்கள் கட்டுண்டிருந்த படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பிடிபட்டால் கடையோடு நாமும் போவோம் என்று அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பயம் எனக்கும்தான். இன்று காலை அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போனார், எரிக்கத்தான் போகிறார் என்று பின்னால் ஓடினேன். மனிசன் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் நம்மட ஸ்டூடியோ முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார். பேரும் விலாசமும் இருக்கிற முத்திரை. உங்களுக்கு விசரா என்று கேட்டேன். “ஆரு கழுவினதெண்டு தெரியாட்டி ஆரு நம்புவாங்க?” என்றார்.

அங்கே நேர்மையான பத்திரிகைக்காரர் யாராவது இருந்தால் தேடிக் கொடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், இரவு வேலை முடிந்து தனியே நடக்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டா. முத்திரையை மட்டும் மறைத்துவிடாதே, அப்பா கோபிப்பார்.

உன் அம்மா,
அ. செபஸ்தியம்மா